அன்னாவா, ஹன்னாவா, அன்னமா?

தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது. போன வருடம் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போனவள், மெழுகுவர்த்திப் பவனியில் நடந்துகொண்டே ஒரு வேண்டுதல் வைத்தாளாம்: பெண் பிறந்தால் அந்தத் தாயின் பெயரையே வைப்பேன் என்று. எங்களில் யாரிடமும் மூச்சு விடவில்லை. முப்பதாம் நாள் தொட்டில் போட்டபோதுதான் வாயைத் திறந்தாள். மாப்பிள்ளை வீடு முருக பக்தர்கள். சம்பந்தியம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சாமி கொடுத்த புள்ள, வேண்டுதல மாத்தக் கூடாது. ஆனா என் வாயில வர்ற மாதிரி பேரா இருக்கணும்" என்றார்.

ஆக, பெயர் முடிவாகிவிட்டது. முடிவாகாதது அதன் வடிவம். தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். கையில் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. தங்கை வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் ஏழு பெயர்கள்: அன்னம்மாள், அன்னா, ஆன், ஆனி, ஹன்னா, நான்சி, அனிதா. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா வந்து எட்டாவதாக அருள்மொழி என்று பச்சை மையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நான் இங்கே நிபோங் திபாலில் ஒரு பாலர் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் காலையில் பெயர் கூப்பிடுகிறவள். எந்தப் பெயர் யார் வாயில் என்ன பாடு படும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால் தங்கை கேட்டாள்: "அக்கா, நீயே பார்த்துச் சொல்லு."

முதலில் இந்தப் பெயர்களின் பூர்வீகம். சித்தப்பா எழுதியதை விட்டால், ஏழும் ஏழு வீட்டுப் பிள்ளைகள் மாதிரித் தெரியும். அனிதாவைப் பற்றி மட்டும் ஒரு வழக்கு இருக்கிறது, அதைக் கடைசியில் பார்க்கலாம். மற்றதெல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எபிரேயத்தில் தயவு காட்டுவது, அருள்கூர்வது என்ற பொருள் தரும் ஒரு மூன்றெழுத்து வேர் உண்டு. அதிலிருந்து பிறந்த பெண்பெயர்தான் ஹன்னா. முதல் ஒலி தொண்டைக்குள்ளிருந்து வர வேண்டும்; நம் ககரமும் இல்லை, ஹகரமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. யோவான் என்ற பெயரின் பின்பாதியும் இதே வேர்தான். அப்படிப் பார்த்தால் ஜான், ஜோன், ஜேன், இவான் எல்லாம் இந்தப் பிள்ளைக்குப் பங்காளி முறை. ரோமாபுரியை நடுங்க வைத்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலும் உறவுதான். பாகால் தெய்வத்தின் அருள் என்று அவன் பெயருக்குப் பொருள்.

வேதாகமத்தில் இந்தப் பெயரோடு வருகிற முதல் பெண், சாமுவேல் தீர்க்கதரிசியின் தாய். பிள்ளை இல்லாதவள். கணவன் எல்க்கானாவுக்கு இன்னொரு மனைவி, பெனின்னாள். அவளுக்குப் பிள்ளைகள் உண்டு, வாயும் உண்டு. வருடா வருடம் சீலோவில் பலியிடப் போகும்போது குத்திக் குத்திப் பேசுவாள். அங்கே ஆலயத்தில் இவள் உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் ஜெபம் செய்கிறாள். ஆசாரியன் ஏலி பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறார். பிள்ளை பிறந்தால் ஆண்டவருக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அவள் பொருத்தனை பண்ணியிருந்தாள். சொன்னபடியே பால் மறந்ததும் கொண்டுபோய் விட்டாள். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு மகனைப் பார்க்கப் போனாள் என்று ஒரு வரி வருகிறது. ஞாயிறு மறைக்கல்வியில் அந்த வரியைத் தாண்டும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். யூதர்கள் இவளை ஏழு பெண் தீர்க்கதரிசிகளில் ஒருத்தியாக வைத்திருக்கிறார்கள். மனதுக்குள் முணுமுணுத்து ஜெபிக்க வேண்டிய முறைக்கே இவளைத்தான் தல்மூத் முன்மாதிரியாகக் காட்டுகிறது.

புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் வேறு ஆள். மரியாளின் தாய், இயேசுவுக்குப் பாட்டி. இவர் பெயர் வேதாகமத்தில் எங்குமே இல்லை என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும், ஆனால் அதுதான் உண்மை. 2-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, யாக்கோபின் பெயரில் வழங்கும் ஒரு பழைய நூலில்தான் சுவக்கீன், அன்னா என்ற அந்தத் தம்பதியின் கதை வருகிறது. அந்தக் கதையும் சீலோக் கதையின் அச்சில் வார்த்ததுதான்: வயதாகியும் பிள்ளை இல்லை, அழுகை, பொருத்தனை, பிறந்த குழந்தையை ஆலயத்துக்குக் கொடுப்பது. தங்கை பவனியில் நடந்தபோது இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. தெரியாமலே அதே வரிசையில் போய் நின்றிருக்கிறாள்.

எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்குப் போனபோது அந்தத் தொண்டை ஒலிக்குக் கிரேக்கத்தில் எழுத்தில்லை. அன்னா என்று எழுதினார்கள். லத்தீன் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. பிறகு ராஜ வீட்டுக் கல்யாணங்கள் அதைச் சுமந்துகொண்டு போயின. 989 வாக்கில் பைசாந்திய இளவரசி அன்னா கீவ் மன்னன் விளாதிமிருக்கு மனைவியானாள். அவன் ஞானஸ்நானம் பெற்றதும் அந்தச் சமயத்தில்தான். அவன் பேத்தி இன்னொரு அன்னா, 1051-இல் பிரான்ஸ் மன்னன் முதலாம் ஹென்றிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இன்று ரஷ்யாவிலும் போலந்திலும் இத்தாலியிலும் அது அன்னா, ஸ்பெயினில் ஆனா, பிரான்சில் ஆன். செல்லமாகக் கூப்பிட்டதில் அன்யா, அனூக், ஆனெட், ஹங்கேரியில் அனிகோ என்று கிளைத்துக்கொண்டே போகிறது. நம்மூர்ப் பத்திரிகைகளில் அடிபடும் அனுஷ்காகூட ரஷ்யாவில் அன்னாவைக் கொஞ்சிக் கூப்பிடுகிற பெயர்.

சரி, பட்டியலுக்கு வருவோம். முதலில் எதை அடிப்பது என்று பார்த்தால் எனக்குத் தயக்கமே இல்லை: அன்னாவும் ஆனும்.

அன்னா உலகத்துக்கெல்லாம் பொருந்தும். சீனர்கள்கூட ஆன்னா என்று இரண்டு எழுத்தில் அழகாக எழுதிவிடுவார்கள். பொருந்தாத ஒரே இனம் நாம்தான். றன்னகரம், டண்ணகரம் என்று பள்ளியில் எவ்வளவு அடித்துச் சொல்லிக்கொடுத்தாலும் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வாயில் இரண்டும் ஒன்றுதான். பாலர் பள்ளியில் நான் "அன்னா" என்று கூப்பிட்டால் இருபது பிள்ளைகள் திரும்பி, வாசலில் யாருடைய அண்ணன் வந்திருக்கிறான் என்று பார்க்கும். வீட்டில் இவளுக்குத் தம்பி பிறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அக்காவை அண்ணா என்று கூப்பிடும் ஒரே தம்பியாக இருப்பான்.

ஆன் என்பதை ஏ, என், என், ஈ என்று நான்கெழுத்தில் எழுதுவதுதான் வழக்கம். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஊமை. மலாயில் ஊமை எழுத்து ஏது? எழுதியதை அப்படியே வாசிப்பார்கள். கிளினிக் முகப்பில் தாதி "அன்னெ!" என்று கூப்பிடுவார். நம் நாட்டில் மலாய்க்காரரும் சீனரும் மாமாக் கடையில் "அண்ணே, தே தாரிக் சத்து!" (ஒரு இழுத்த டீ) என்று கூப்பிடுவது எப்படிக் காதில் விழுமோ, அச்சு அசல் அப்படியே விழும். என் பெறாமகள் வாழ்நாள் முழுக்கத் தே தாரிக் கேட்டவர்களுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கடைசி ஈ-யை வெட்டிவிட்டு எழுதலாமே என்று மாப்பிள்ளை கேட்டார். எழுதலாம். தமிழில் கூப்பிட்டுப் பாருங்கள்: "ஆன்." கூப்பிட ஆரம்பிப்பதற்குள் முடிந்துவிடுகிறது. வாசலில் நின்று "ஏ புள்ள" என்று நீட்டி அழைத்துப் பழகிய வாய்க்கு அது போதாது.

(ஆன் என்ற பெயரில் ஒரு வேடிக்கை. 1702 முதல் 1714 வரை இங்கிலாந்தை ஆண்ட ராணி ஆன் பதினேழு முறை கருவுற்றும் ஒரு பிள்ளைகூட வளர்ந்து ஆளாகித் தங்கவில்லை. பிள்ளை வரம் தரும் பெயர் என்று தங்கை நம்புவதால் இதை அவளிடம் நான் சொல்லவில்லை.)

ஆனி சீக்கிரம் தீர்ந்துவிடும். மாதப் பெயர் என்பார்கள், அது பரவாயில்லை. ஆனால் ஆணி என்று எழுதுவார்கள், சுத்தியல் படம் வரைவார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளின் கற்பனையை நான் நன்கு அறிவேன். ஜூலை 26 திருவிழா நம் கணக்கில் ஆடி பிறந்த பிறகுதான் வருகிறது, ஆனியில்கூட இல்லை.

நான்சி என்றதும் தங்கை வீட்டார், "அதெப்படி இதில் சேரும்?" என்றார்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆன் என்ற பெயருக்கு நான்சிதான் செல்லப்பெயர். தோட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் மேரி, ரோஸ்மேரி, லூர்துமேரி வரிசையில் நான்சிக்கும் ஓர் இடம் இருந்தது. என் வகுப்பிலேயே இரண்டு நான்சி. கேட்க இனிமை, எழுதச் சுலபம், யார் வாயிலும் கெடாது. ஒரே குறை: வேண்டுதல் அதில் ஒளிந்து கிடக்கிறது. விளக்கம் சொன்னால்தான் அன்னம்மாள் வெளியே வருவார். விளக்கம் வேண்டிய நேர்ச்சை எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அன்னம்மாள். இது எங்கள் பாட்டியின் பெயர், அதனால் நான் நடுநிலை இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பால்மரக் காலத்தில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, இருட்டோடு எழுந்து போன தலைமுறை. இன்று அந்தக் காட்டில் செம்பனைதான் நிற்கிறது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் போய்விட்டன, அந்தப் பெயரும் கல்லறைத் தோட்டத்தில்தான் அதிகம் கண்ணில் படுகிறது. எபிரேயப் பெயருக்கு அம்மாள் சேர்த்து, அதை முழுக்கத் தமிழாக்கி வைத்திருந்தார்கள் நம் முன்னோர். சம்பந்தியம்மா காதில் அது அன்னபூரணியாக விழுகிறது. அன்னம் என்றால் சோறு, அன்னம் என்றால் பறவை. இரண்டுமே அவருக்குச் சம்மதம். "இந்தப் பேர்ல என்ன குறை?" என்று அவரே கேட்கிறார்.

குறை, காகிதத்தில். பாட்டி பிறந்தபோது பெயர் எழுதியது தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர். அவர் காதில் என்ன விழுந்ததோ, ஐசியில் (அடையாள அட்டையில்) அனாமா என்று ஏறியது. தோட்டத்துப் பேரேட்டில் அன்னம்மா. ஆஸ்பத்திரியில் "அனாமா, அனாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், பாட்டி தன்னை இல்லை என்று உட்கார்ந்திருப்பார். சேமநிதிப் பணம் எடுக்கும்போது, இரண்டு எழுத்தும் ஒரே கிழவிதான் என்று சத்தியப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. இன்றைக்கு எழுதத் தெரிந்த நாமே போய்ப் பதிகிறோம், அந்தப் பிழை வராது. ஆனாலும் ரோமன் எழுத்தில் எத்தனை என், எத்தனை எம், கடைசியில் எல் உண்டா இல்லையா என்று ஒவ்வொரு கவுண்டரிலும் ஒரு கச்சேரி நடக்கும். தங்கையின் பயம் வேறு: "பெரியவளானதும், ஏம்மா எனக்கு மட்டும் கிழவி பேரு வெச்சேன்னு கேப்பா." பழைய பெயர்கள் திரும்பி வரும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். திரும்பி வரும்வரை அந்தப் பிள்ளைதானே சுமக்க வேண்டும் என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சித்தப்பாவின் பச்சை மைக்கு வருகிறேன். அவர் வாதம் சாதாரணமானதல்ல. பெயரின் ஒலியை எதற்குத் தூக்கிச் சுமக்கிறீர்கள், பொருளைத் தமிழில் வையுங்கள் என்கிறார். நம் கிறிஸ்தவர்கள் இதைக் காலங்காலமாகச் செய்துதான் வந்திருக்கிறார்கள். சீர்திருத்த சபைக்காரர்கள் கிருபா என்றார்கள், நம்மவர் அருள் என்றார்கள், ஆங்கிலம் படித்தவர்கள் கிரேஸ் என்றார்கள். மூன்றும் இந்த எபிரேயப் பெயரின் மொழிபெயர்ப்புகள்தான். அம்மா தினமும் ஜெபமாலையில் "அருள் நிறைந்த மரியே" என்று ஐம்பது தடவை அந்தச் சொல்லைச் சொல்கிறார். கிரந்த எழுத்து இல்லை. முருக பக்தர் வீட்டிலும் அருள் என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. எட்டுப் பெயரில் தமிழாக எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஆனாலும் வேண்டிக்கொண்டது அந்தத் தாயின் பெயரைத்தான், பெயரின் பொருளை இல்லை. இதைச் சொன்னதும் சித்தப்பா, "அப்படின்னா ரெண்டையும் சேர்த்து ஹன்னா அருள்மொழின்னு வை" என்றார். "கேட் வாசல்" என்று ஒரே பொருளை இரண்டு தடவை சொல்கிற மாதிரி ஆகிவிடும் சித்தப்பா என்றேன். சிரித்துவிட்டார். இரண்டாவது பிள்ளைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பச்சை மையைத் திரும்பப் பெறாமலே கிளம்பினார்.

ஹன்னா. இதற்கு முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து வந்தது: "அது நம்ம பேரில்லடி, பெந்தகோஸ்தேக்காரங்க பேரு." அம்மாவுக்கு வரலாறு தெரியாது, ஆனால் மூக்கு சரியாக வேலை செய்கிறது. 1505-இல் ஸ்டோட்டர்ன்ஹைம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இடியில் மாட்டிக்கொண்ட ஒரு மாணவன், புனித அன்னாவே காப்பாற்று, நான் துறவியாகிறேன் என்று கத்தினான். அவன்தான் மார்ட்டின் லூதர். துறவியாகி, பிறகு அவன் கிளப்பிய சீர்திருத்தம் புனிதர் வணக்கத்தையே தள்ளி வைத்தது. சீர்திருத்த சபையார் பிள்ளைகளுக்குப் புனிதர் பெயரை விட்டுவிட்டுப் பழைய ஏற்பாட்டுப் பெயர்களைத் தேடினார்கள். மூல எபிரேயத்திலிருந்து மொழிபெயர்த்ததால் கிரேக்கர் தொலைத்த முதல் ஒலி திரும்பக் கிடைத்தது. 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பைப் பாருங்கள்: பழைய ஏற்பாட்டில் சாமுவேலின் தாய் ஹன்னா, புதிய ஏற்பாட்டில் எருசலேம் ஆலயத்தில் குழந்தை இயேசுவைப் பார்த்த விதவை அன்னா. ஒரே பெயர், எந்த மொழி வழியாக வந்தது என்பதால் இரண்டு எழுத்து. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருவருமே அன்னாள்தான். ஆங்கிலம் பிரித்ததைத் தமிழ் சேர்த்து வைத்திருக்கிறது. இதை விளக்கியதும் அம்மா கொஞ்சம் இறங்கி வந்தார்.

அமெரிக்காவில் 1998 முதல் 2000 வரை பெண் குழந்தைப் பெயர்களில் ஹன்னா இரண்டாம் இடத்தில் இருந்தது. அது நமக்கு முக்கியமில்லை. நமக்கு முக்கியம், 2013-இல் சிலாங்கூர் சட்டமன்றத்துக்குச் சபாநாயகரான ஹன்னா இயோ. நாட்டில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர், பிறகு மத்திய அமைச்சரும் ஆனார். அவர் புண்ணியத்தில் இந்த நாட்டில் யாரிடமும் இந்தப் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மலாய்ப் பெண்களிடையே ஹானா என்ற பெயர் ஏராளம். அதில் பெரும்பாலானது அரபியில் மகிழ்ச்சி என்று பொருள்படும் வேறு சொல். அரபியில் அதற்கு வேறு ஹ. ஜப்பானியத்தில் ஹானா என்றால் பூ, கொரியனில் ஒன்று. இம்ரானின் மனைவி, அதாவது மர்யமின் தாய்க்கு முஸ்லிம் மரபு தருகிற பெயர் ஹன்னாதான், அது நம் பெயரேதான். ஆனால் கவுண்டரில் இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்? ஒற்றை என் போட்டு எழுதினால் அந்தப் பெருங்கூட்டத்தில் கலந்துவிடும். அதனால் இரண்டு என், முன்னும் பின்னும் எச். ஆறு எழுத்து. விகடகவி மாதிரி எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் அதுவே வரும். பெயர் எழுதப் பழகும் வயதில் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று எனக்குத் தெரியும். பாதி எழுதத் தெரிந்தால் மீதியும் தெரிந்த மாதிரி.

சம்பந்தியம்மாவின் நிபந்தனை? போன சனிக்கிழமை சோதித்துப் பார்த்தேன். "ஹன்னா சொல்லுங்க அத்தை" என்றேன். "அன்னா" என்றார். மறுபடி சொன்னேன். "அன்னாதானே சொல்றேன்." இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் கிரேக்கர்கள் செய்த அதே காரியத்தைத் தொட்டில் பக்கத்தில் நின்று செய்தார். பிறகு குழந்தையின் பக்கம் திரும்பி, தானாகவே, "அன்னம், என் அன்னக்குட்டி" என்று ஆரம்பித்துவிட்டார். அண்ணா பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

அனிதாவைச் சொல்லாமல் விட்டேனே. ஸ்பானிய மொழியில் ஆனாவுக்குச் செல்லப்பெயர் அனிதா. நம்மவர் வைக்கிற அனிதா வடமொழி வழியாக வந்தது என்பார்கள். இரண்டு வீட்டுக்கும் பொது என்று மாப்பிள்ளை தம்பி கொடுத்த யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் கேட்கிற யாரும் ஸ்பெயினை நினைக்கப் போவதில்லை. நான்சிக்குச் சொன்ன அதே பதில்.

ஆக என் ஓட்டு: பிறப்புச் சான்றிதழில் ஹன்னா, அதோடு ஏ/பி (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர். ஞானஸ்நான ஏட்டில் அன்னம்மாள், பாட்டிக்காகவும் வேண்டுதலுக்காகவும். வீட்டில் அன்னம். தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும்போது ஹ எழுத வேண்டுமா, அன்னா என்றே எழுதலாமா என்ற சண்டைக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, அதைச் சித்தப்பாவிடம் விட்டுவிடுவோம்.

தங்கையிடம் தாளை நீட்டினேன். பெரிய எழுத்தில் ஆறு எழுத்தையும் எழுதியிருந்தேன். கவுண்டரில் வாயால் சொல்லாதே, இந்தத் தாளைக் காட்டு, அச்சடிப்பதற்கு முன்னால் திரையில் ஒரு தடவை பார்க்கக் கேள், கடைசி எச் இருக்கிறதா என்று பார் என்றேன். செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு கிடைக்கும் என்றார் மாப்பிள்ளை. செவ்வாய் வேண்டாம் என்று சம்பந்தியம்மா சொல்லிவிட்டார். புதன்கிழமை போகிறார்கள்.